எதிர்மாடித் துணிக்கொடி

அவள் புத்தகங்களுக்கு அட்டைப்படம் வரைகிறவள். ஒரு வருஷமாகக் கை ஓடவில்லை. எதை வரைந்தாலும் ஏற்கெனவே எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. பதிப்பகத்து ஆசிரியருக்கு முதுகுக்குப் பின்னால் எல்லோரும் வைத்த பெயர் கத்தரி; அவரிடம் போன எதுவும் முழுதாகத் திரும்பியதில்லை. அவரே இப்போது திருத்தம் சொல்வதை விட்டுவிட்டார். "வச்சிட்டுப் போங்கம்மா, பாக்கறேன்" என்பதோடு சரி. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

போட்டோ எடுக்க ஆரம்பித்தது யாருக்காகவும் இல்லை. ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டே சமையலறைக்குள் வந்தவள், கவிழ்த்து வைத்த டம்ளர்களைச் சுற்றி ஈரம் வளையம் வளையமாகப் படிந்திருந்ததைப் பார்த்தாள். கைபேசியில் எடுத்தாள். மறுநாள் படிக்கட்டு மூலையில் ஒற்றைச் செருப்பு. அப்புறம் பஸ் கண்ணாடியில் யாரோ உள்ளங்கையால் துடைத்த இடம்.

"ஏன்க்கா, ஊர்ல ஆளே இல்லையா? செருப்பப் போயி நிக்க வச்சு எடுத்துட்டிருக்க" என்றாள் கூடவே இருக்கும் தங்கை.

அவள் யாருக்கும் காட்டவில்லை. நன்றாக வரவேண்டுமே என்ற பதைப்பு இல்லாமல் ஒன்றைப் பார்ப்பதே சுகமாக இருந்தது.

எதிர்க் கட்டிடத்தின் மூன்றாவது மாடிக்கு யாரோ புதிதாகக் குடிவந்திருந்தார்கள். ஆட்கள் கண்ணில் படுவதில்லை. பால்கனியில் துணி மட்டும் காயும். அதில் ஒரு சின்னப் பச்சைச் சட்டை. ஒரு பை சிவப்பு, மற்றொரு பை நீலம். காற்றில் அது உப்பி, கைகளை விரித்து, சட்டென்று சுருங்கும். தினமும் எடுத்தாள். ஒரு வாரம் போனதும் பென்சிலைத் தேடினாள். துருப்பிடித்த கம்பி, சுவரின் விரிசல், உப்பிய சட்டை எல்லாம் தானாக வந்து தாளில் உட்கார்ந்தன.

கத்தரி அந்த அட்டைப்படத்தை வெகுநேரம் பார்த்தார். "கை வைக்க ஒண்ணுமில்லம்மா. நாளைக்கு அச்சுக்குப் போயிடும்" என்றார்.

மறுநாள் காலை வழக்கம்போல் ஜன்னலில் நின்று எடுத்தாள். பால்கனிக் கதவு திறந்தது. ஒரு பெண் அவளை நேராகப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அழைப்பு மணி விடாமல் அடித்தது.

கதவைத் திறந்தாள். அதே பெண்தான். மூச்சு வாங்கியது, காலில் செருப்பில்லை.

"பையன உள்ள வச்சுப் பூட்டிட்டு வந்திருக்கேன். சீக்கிரம் சொல்லுங்க. யாரு எடுக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. நானாத்தான்..."

"தினம் பாத்துட்டுதான் இருக்கேன். எங்க வீட்டுக்காரருக்குத்தானே அனுப்பறீங்க?"

"இந்தாங்க, வாய்க்கு வந்தபடி பேசாதீங்க" என்று முன்னால் வந்த தங்கையை அவள் கையால் தடுத்தாள். கைபேசியைத் திறந்து அந்தப் பெண்ணிடமே கொடுத்தாள்.

டம்ளர், செருப்பு, பஸ் கண்ணாடி. அந்தப் பெண்ணின் முகத்தில் கோபம் போய்க் குழப்பம் வந்தது. சட்டை வந்ததும் விரல் நின்றது.

"இது நான் தைச்சது. பை ரெண்டும் ரெண்டு கலர்ல இருக்கேன்னு எங்க மாமியார் சண்டையே போட்டாங்க. அவங்க பக்கத்து ஆள் ஒருத்தர் பாத்தா போதும். நாங்க இங்க இருக்கறது அவங்களுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது."

அவள் கைபேசியைத் திரும்ப வாங்கினாள். அந்தப் பெண்ணின் கண்ணெதிரிலேயே பால்கனிப் படங்களை ஒவ்வொன்றாக அழித்தாள். அந்தப் பெண் தலையசைத்துவிட்டுத் திரும்பினாள்.

அட்டையைப் பற்றி அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. சும்மா இரு என்று தங்கை கண்ணால் கெஞ்சினாள்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் அவள். மேசையிலிருந்து அட்டைப்படத்தின் நகலை எடுத்து, "ஒரு புத்தகத்துக்கு வரைஞ்சது" என்று காட்டினாள்.

அந்தப் பெண் தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். "இது எல்லாக் கடையிலயும் வருமா? நான் மறுபடி வேற இடம் பாக்கணுமா?"

"வேணாம். இது வராது."

அங்கேயே நின்று கத்தரியைக் கூப்பிட்டாள்.

"சார், அந்த அட்டைய நிறுத்தணும்."

"மெஷின்ல ஏத்திட்டிருக்காங்கம்மா. என்ன விஷயம்?"

"சொல்ல முடியாது சார். ஆனா அது வெளிய போகக்கூடாது."

அச்சு யந்திரத்தின் இரைச்சலுக்கு மேல் அவர் குரல் உயர்ந்தது. "ஒரு வருஷம் கழிச்சு ஒண்ணு தேறுச்சு. அதையும் நீங்களே கெடுக்கறீங்க. சட்டைய மட்டும் மாத்தினா ஆகாதா?"

"கட்டிடமும் அடையாளம் தெரியும் சார்."

"சாயந்திரத்துக்குள்ள வேற வரணும். வரலைன்னா வெறும் எழுத்தப் போட்டு அடிச்சிடுவேன். அப்புறம் உங்களக் கூப்பிடவும் மாட்டேன்."

"பையன் முழிச்சிருப்பான்" என்று அந்தப் பெண் ஓடினாள். நன்றி சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று அவளுக்கும் தோன்றியது.

தாளை விரித்து உட்கார்ந்தாள். கோடு விறைத்தது. கிழித்தாள். இன்னொன்று, அதுவும் அப்படியே. பால்கனியோடு கையும் போய்விட்டதோ என்று பயந்தாள். அறையில் இருக்க முடியாமல் எழுந்து வெளியே வந்தாள்.

அந்தப் பெண் வருவதற்குச் சற்று முன்தான் படிக்கட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள் போலிருக்கிறது; இன்னும் காயவில்லை. ஈரத்தில் அந்தப் பெண்ணின் கால்தடங்கள். ஏறி வந்தவற்றில் விரல் மட்டுமே பதிந்திருந்தது. இறங்கிப் போனவை இரண்டு படிக்கு ஒன்றாக இருந்தன. கைபேசியைத் தூக்கியவள், ஒரு கணம் யோசித்துவிட்டுப் பைக்குள் போட்டாள். படியில் உட்கார்ந்து, ஓரத்திலிருந்து உலர ஆரம்பித்த தடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசித் தடம் மறைந்ததும் உள்ளே ஓடினாள்.

தங்கை கொண்டுவந்து வைத்த காபி ஆறி ஏடு கட்டியது. அவள் நிமிரவில்லை. வரைந்தது படிக்கட்டும் பாதங்களும்தான். யாருடைய பாதம் என்று யாராலும் சொல்ல முடியாது.

அச்சகத்துக்கு அவளே எடுத்துப் போனாள். கத்தரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "பழசுதான் நல்லாருந்தது" என்றார். கொஞ்சம் கழித்து, "இதுவும் போகும்" என்றார்.

பழசுதான் நன்றாக இருந்தது என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் அடுத்தது வருமா என்ற கேள்வி அன்று வரவில்லை.

எதிர்ப் பால்கனியில் அதன்பிறகு துணி காயவில்லை. சில நாள் கழித்து மளிகைக் கடையில் அந்தப் பெண் அவளைப் பார்த்து நின்றாள். பையன் அம்மாவின் விரலைப் பிடித்திருந்தான்.

"இன்னும் எடுக்கறீங்களா?"

"எடுக்கறேன். ஆனா இப்ப யாரோட பொருளா இருந்தாலும் கேட்டுட்டுதான்."

அந்தப் பெண் வரிசையில் நகர்ந்து, தனக்கு முன்னால் அவள் நிற்க இடம் விட்டாள்.