பஞ்சநதம், பி.ஏ.

என் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் ‘பி.ஏ.’ போட்டவர் அப்பா. அப்போது எனக்கு மூன்று பேப்பர் அரியர். “முகூர்த்தத்துக்குள்ள முடிச்சுட மாட்டியா?” என்றார். பதினொரு வருடமாகியும் முடிக்கவில்லை. பத்தாவது தேர்ச்சியையும் தட்டச்சையும் வைத்து மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் எழுத்தர் வேலை கிடைத்தது. அங்கேயும் என்னைப் பட்டதாரி என்றே நம்பினார்கள். பிறர் நம்பிக்கையைக் கெடுப்பது பாவமில்லையா?

துபாயில் சம்பாதித்த நம்மூர்க்காரர் ஒருவரின் அறக்கட்டளை, பார்வையற்ற மாணவர்களுக்கு உதவ எங்கள் கல்லூரியோடு ஒப்பந்தம் போட வந்தது. பன்னிரண்டு பக்கத்தையும் தட்டியவன் நான். நாலாம் பிரிவு: பரீட்சையில் மாணவர் சொல்லச் சொல்ல எழுத, கல்லூரியே ஆள் தரும். கையெழுத்து விழாவின் வரவேற்புப் பட்டியலைத் தட்டியவனும் நான்தான். பன்னீர்ச் சொம்புக்கும் சால்வைத் தட்டுக்கும் முதலாமாண்டு குந்தவை.

கல்லூரியிலிருந்த ஒரே பார்வையற்ற மாணவி ஹுமைரா, எம்.ஏ. வரலாறு. கடைசிப் பரீட்சை விழா அன்றைக்கே, பகல் இரண்டு மணிக்கு. அது போனால் திருவாரூரில் காத்திருந்த பி.எட். இடமும் போச்சு.

விழா பதினொன்றுக்கு. விருந்தினர் பன்னிரண்டுக்கு வந்தார். புதன்கிழமையாயிற்றே, ஒன்றரை வரை ராகு காலம். பார்வையற்றோருக்கான ஒப்பந்தத்தை நேரம் பார்க்காமல் போடலாமா?

ஒன்றே முக்காலுக்கு ஹுமைரா என் மேஜைக்கு வந்தாள்.

“சார், எனக்கு எழுத வரவேண்டிய குந்தவையக் காணோமே?”

“மேடையில நிக்கிறாம்மா. உனக்கான விழாவுலதான்.”

“எனக்கான விழாவா? பத்திரிகையே வரலையே சார்!”

முதல்வரிடம் ஓடினேன். “அவள அனுப்பிட்டா தட்ட யாருய்யா ஏந்துவா? நாலாம் பிரிவு கையெழுத்தானப்புறம்தானே செல்லும்!” என்று பல்லைக் கடித்தார்.

மற்ற பிள்ளைகள் ஊருக்குப் போயாயிற்று. பரீட்சைக் கண்காணிப்பாளர் ஜெக்கரியா கைவிரித்தார். “விதிப்படி டிகிரி முடிக்காதவங்கதான் எழுதணும், அப்படி ஆளாக் கூட்டிட்டு வாங்க பஞ்சநதம். நீங்களே எழுதலாம்தான். ஆனா பி.ஏ.வாச்சே, ப்ச்!”

ஒலிபெருக்கி அலறியது: “சாட்சிக் கையெழுத்திட, பஞ்சநதம் பி.ஏ. அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்.”

மேடைப் பக்கம் திரும்பிய என் முழங்கையை ஹுமைரா பிடித்துக்கொண்டாள்.

“நான் பி.ஏ. இல்ல சார்,” என்றேன் ஜெக்கரியாவிடம்.

“என்னது?”

“மூணு அரியர்.”

“அப்ப எழுதிக் குடுங்க.”

‘நான் எந்தப் பட்டமும் பெறாதவன்’ என்று எழுதிக் கொடுத்தேன். மனிதர் அதைச் சத்தமாக வேறு படித்தார். வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்சம், எங்கள் தெருக்காரி, விளக்குமாற்றை நிறுத்திவிட்டுக் கேட்டாள். சாயங்காலத்துக்குள் என் மனைவி சாவித்திரிக்குச் செய்தி போய்விடும். தபாலுக்கு விடுமுறை உண்டு, அம்சத்துக்குக் கிடையாது.

மூன்று மணி நேரம் ஹுமைரா மூச்சுவிடாமல் சொன்னாள். நான் விரல் வீங்க எழுதினேன். தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் கேட்டாள்: “அரியர் என்னென்ன பேப்பர் சார்?”

“ரெண்டு பொருளாதாரம். ஒண்ணு வரலாறு.”

“அல்லாவே! நல்லவேளை, முன்னாடியே சொல்லல.”

அறுபத்திரண்டு மார்க். பி.எட். சேர்ந்துவிட்டாள்.

ஆண்டறிக்கை தட்டும்போது முதல்வர் சொன்னார்: “நாலாம் பிரிவு நூறு சதவீதம் நிறைவேறுச்சுன்னு போடு. எழுதினவர் பேரையும் போடு.”

போட்டேன். ‘பஞ்சநதம்’ என்று தட்டி, முற்றுப்புள்ளி வைத்தேன்.