நாலு வயதுச் சட்டை

"...ஆப்பிள் தானா விழுந்து புல்லுல அழுகிக் கெடக்கும், எடுக்க ஆளிருக்காது. எழுதிட்டியா?"

"எழுதுதேன்" என்றாள் பிரேமா, எழுதாமல். அழுகிய ஆப்பிளை எதற்கு எழுத வேண்டும், கோவில்பட்டிச் சித்திரை வெயிலில் மின்விசிறிக் காற்றே அடுப்புச் சூடாய் இறங்குகிறது, இவள், பெற்றவள், ரத்தினம், எண்பத்து நாலு வயதில் கட்டிலில் சாய்ந்துகொண்டு இங்கிலாந்துப் பனியை அள்ளி வீசுகிறாள்... பிறந்தநாளுக்குள் தன் கதையைப் புத்தகமாக அச்சடித்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுக்க வேண்டுமாம். இதுவரை நாற்பது பக்கம். வாசலில் பால் புட்டி வைத்துவிட்டுப் போகிறவன் வந்துவிட்டான், ஆற்றுப் பாலம் வந்துவிட்டது, பக்கத்து வீட்டுக் கிழவனின் நொண்டி நாய்கூட வந்துவிட்டது, நாகலாபுரத்தில் பெரியம்மாவிடம் விட்டுவிட்டுப் போன நாலு வயதுப் பிள்ளை மட்டும் ஒரு வரியிலும் வரவில்லை. நர்ஸ் வேலை, மூன்றே வருஷம், வந்துவிடுவேன் என்று போனவள், திரும்பி வர ஐம்பத்து மூன்று வருஷம், அதற்குள் பெரியம்மா செத்து, பிரேமாவே பேத்தி எடுத்தாயிற்று. நொண்டி நாயின் பெயரைக் கேட்டால் சொல்வாள். என் கல்யாணத் தேதியைக் கேட்டால்? கேட்கலாமா? கேட்டு என்னத்துக்கு...

ரத்தினம் அடுத்ததற்குப் போயிருந்தாள், செவ்வாய்க்கிழமைதோறும் அந்த ஊர்ப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி எடை பார்த்தது, சுவரில் கோடு போட்டு உயரம் குறித்தது. பிரேமாவின் பேனா நின்றது. கோடு போட்டாளாமே... அப்படியானால் தெரியுமே, பிள்ளைகள் வளரும் என்று. டிசம்பர் தோறும் பார்சலில் வந்த கம்பளிச் சட்டைகள், சிவப்பு, பிறகு நீலம், பிறகு பச்சை, அவளே பின்னியவை, வேர்வை காயாத ஊருக்குக் கம்பளி, அதுவும் எல்லாம் ஒரே அளவு, விட்டுப் போன நாலு வயது அளவு. பத்து வயதில் பெரியம்மா தலைவழியாக மாட்டப் பார்த்து, கழுத்தில் சிக்கி, மூச்சு முட்டி... பக்கத்து வீட்டு யோவான் வாசலில் நின்று சிரித்தான், ஏட்டி, உங்க அம்மை உன்னைய பொம்மைன்னு நெனச்சிட்டா போல, என்று. கரிசல் காட்டு வெடிப்பில் கம்பை விட்டால் அடி தட்டாது, அப்படி ஒரு வெடிப்பு அன்று விழுந்தது. காட்டு வெடிப்பாவது ஐப்பசி மழைக்கு மூடிக்கொள்ளும்.

நோட்டை மூடினாள். "ஊரான் பிள்ளையள எல்லாம் அளந்தீங்க. என்னைய மட்டும் ஏன் நாலு வயசுலயே நிறுத்துனீங்க?"

"நீதான எழுதுவ" என்றாள் ரத்தினம். "சட்ட அளவா இருக்குன்னு. வருஷா வருஷம்."

எழுதியது உண்மைதான். கிறிஸ்துமஸ் முடிந்ததும் பெரியம்மா நீலநிறக் கடிதத்தாளை முன்னால் வைப்பாள், முதலில் அவள் சொல்லச் சொல்ல எழுதியது, பிறகு, அந்தப் பத்து வயதுக்குப் பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு தானே எழுதியது, சட்டை அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது... கடல் தாண்டிப் போய்க் குத்தட்டும் என்றுதான். குத்தவில்லையா? குத்தியிருந்தால் அடுத்த வருஷமே பெரிதாகப் பின்னியிருப்பாளே. நர்சுக்குத் தெரியாததா? நம்பினாளா, நம்புவது வசதியாக இருந்ததா, இல்லை, வளர்ந்தவளை அவளுக்குக் கண்ணில் கொண்டுவரவே முடியவில்லையா... நான் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இறுக்குகிறது என்று எழுதியிருந்தால்? உள்ளறை டிரங்குப் பெட்டியில், பாச்சா உருண்டைக்கு நடுவே, எட்டுச் சட்டையும் மடிப்புக் கலையாமல் இருக்கின்றன, தன் பிள்ளைகளுக்குக்கூடப் பிரேமா எடுத்துப் போட்டதில்லை, எரிக்கவும் இல்லை. ஏன் எரிக்கவில்லை?

"ஒண்ணாவது கெடக்கா பிரேமா?" கட்டிலிலிருந்து குரல் வந்தது. "இருந்தா எடுத்துட்டு வாயேன். ஒருக்கா தொட்டுப் பாத்துக்கிடுதேன்."