கூடைக்குப் போகும் கை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. காளியம்மன் சந்நிதியில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்யலாம். கூட்டிச் சொன்னது எதுவும் இல்லை. சில இடங்களில் குறைத்துச் சொன்னதுண்டு. அதுவும் கேட்பவர்கள் நம்ப வேண்டுமே என்பதற்காக.

1976. ரிங்லெட் ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். கொழுந்து லாரி ஓட்டிக்கொண்டிருந்த விஜயன் தானா ராத்தா டவுனில் டாக்சி ஓட்டப் போய்விட்டான். லாரிச் சாவி, தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் மேசைமேல் கிடந்தது. தோட்டத்தில் லாரி ஓட்ட லைசென் வைத்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நல்லுசாமி. மற்றவன் அவன் மனைவி ரஞ்சிதத்தின் அண்ணன் அர்ஜுனன். இருவருமே முதுகில் கூடையைக் கட்டிக்கொண்டு சரிவில் கொழுந்து பறிப்பவர்கள். காலில் அட்டை, கழுத்தில் மழைத் தண்ணீர். லாரிக்குள் அட்டை ஏறாது, மழை பெய்யாது. அந்தச் சாவிக்காக நல்லுசாமி எதையும் செய்யத் தயாராக இருந்தான், அர்ஜுனனோடு மோதுவதைத் தவிர.

துரை இளவயதில் பட்டாளத்தில் குத்துச்சண்டை போட்டவர். விளையாட்டு விழாவன்று இருவரும் கையுறை மாட்டிக்கொண்டு மோதட்டும், கடைசியில் யார் காலில் நிற்கிறானோ அவனுக்குச் சாவி என்று சொல்லிவிட்டார்.

அர்ஜுனனுக்கு மைத்துனனைக் கண்டால் ஆகாது. தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தங்கச்சி கழுத்தில் தாலி கட்டியவன். போதாக்குறைக்கு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே பலகைச் சுவர். தினமும் விடியலில், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பும் முன், அர்ஜுனன் அந்தச் சுவரில் ஒரு குத்து விடுவான். இந்தப் பக்கம் அடுப்பிலிருக்கும் தேநீர்க் கெண்டி தானாகவே கவிழும். ரஞ்சிதம் கெண்டியை நிமிர்த்திக்கொண்டே அண்ணனையும் புருஷனையும் ஒரே மூச்சில் திட்டுவாள்.

அவன் குத்து சாதாரணக் குத்தல்ல. ஒரு நாள் காலையில், எதிரில் யாரும் இல்லாத கோபத்தில், பனிமூட்டத்தையே ஒரு குத்து குத்தினான். பனியில் விழுந்த ஓட்டை மத்தியானம்வரை மூடவில்லை. பக்கத்து வீட்டு வேலாயி அந்த ஓட்டை வழியாக வந்த வெயிலில் ஒரு முறம் மிளகாய் காயவைத்து எடுத்தாள்.

விழாவுக்கு முன்பே ஒரு மோதல் வந்துவிட்டது. கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் எல்லார் முன்னாலும் அர்ஜுனன் சிரிக்காமல் சொன்னான்: "மச்சான், கூடை ஒங்களுக்குப் பொருத்தமாத்தான் இருக்கு லா. கழட்டாதீங்க. பொணத்தோட சேத்தே பொதச்சிடலாம்."

நல்லுசாமிக்கு ரத்தம் ஏறியது. கூடையை இறக்கி வைத்துவிட்டு வலக்கையால் ஒன்று, இடக்கையால் ஒன்று விட்டான். இரண்டும் பட்டன. அதோடு அவனுடைய இரண்டு கைகளும் தோளுக்குமேல் பின்பக்கமாகப் போய் விரிந்து நின்றன. மூடியிருக்க வேண்டிய முகம் திறந்து கிடந்தது. அர்ஜுனன் அவசரப்படாமல் குத்தினான். விழுந்து எழுந்த நல்லுசாமி மேற்கே வீட்டைப் பார்த்து நடந்தான். முகம் மட்டும் கொஞ்ச தூரம்வரை கிழக்கேயே பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று மாலை ரஞ்சிதம் உப்பு ஒத்தடம் கொடுத்தாள். தேவைக்கு மேலேயே அழுத்திக் கொடுத்தாள். மரியாதையை விடாமல் திட்டுவதில் அவளுக்கு நிகர் அந்த மலையில் இல்லை.

"வலது ஒரு பிடி, எடது ஒரு பிடி. ஒடனே ரெண்டு கையும் கூடைக்குப் போவுது. முதுகுலதான் கூடையே இல்லையே, என்னத்தப் போட்டீங்க? ஒங்க பல்லையா?"

அவன் தன் கைகளைப் பார்த்தான். பிள்ளைப் பருவத்திலிருந்து இரண்டு பிடி கிள்ளித் தோளுக்குமேல் கூடையில் வீசிய கைகள். கிள்ளுவதும் குத்துவதும் அவற்றுக்கு ஒன்றாகவே இருந்தது.

"எங்கண்ணனுக்கும் அதே வியாதிதான்," என்றாள் ரஞ்சிதம். "ரெண்டாவது குத்துலயே ஆளு கீழ கெடக்குறதால ஒருத்தரும் கவனிச்சதில்ல. சின்ன வயசுல அவன்கிட்ட அடி வாங்குனவ நான். எனக்குத் தெரியும். நீங்க முந்தாதீங்க. அவன் ரெண்டையும் விடட்டும், தப்பிச்சிக்குங்க. அவன் கை கூடைக்குப் போறப்ப ஒண்ணு குடுங்க. ஒண்ணுதான். ரெண்டாவது குத்துனீங்க, ஒங்க கையும் கெளம்பிடும்."

பாடம் மறுநாளே தொடங்கியது. நனைந்த சாக்கை முறுக்கிக்கொண்டு ரஞ்சிதம் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று வீசுவாள். இரண்டுக்கும் அவன் ஒதுங்க வேண்டும். ஒதுங்கிய அதே நொடியில் தொங்கவிட்ட உர மூட்டையில் ஒரே ஒரு குத்து விட வேண்டும். ஒதுங்காவிட்டால் சாக்கு காதில் விழும். கல்யாணமான நாளிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் அவள் அந்தச் சாக்கில் முறுக்கியிருந்தாள். இரண்டாவது குத்துக்குக் கை துடித்தாலே மூன்றாவதாக ஒன்று வைப்பாள். ரஞ்சிதத்தின் முகத்தில் இவ்வளவு சந்தோஷத்தை இதுவரை கண்டதில்லை என்று வேலாயி கங்காணியிடம் போய்ச் சொன்னாள்.

போகப்போக அவனுக்குப் பிடிபட்டது. அடி கிளம்பும் முன்பே அது வரும் தோள் தெரிந்தது. தூறலில் நடந்துபோனால் சட்டை நனையாது; துளிக்குத் துளி ஒதுங்கிக்கொள்வான். பெருமழையில் மட்டும் அந்த வித்தை எடுபடவில்லை.

விழாவன்று திடலைச் சுற்றிக் கூட்டம். நடுவர், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி நாகரத்தினம். கயிற்றுக்குள் வந்ததும் அர்ஜுனன் தங்கச்சி பக்கம் திரும்பி, வெள்ளைச் சீலை எடுத்து வைத்திருக்கிறாயா என்று விசாரித்தான். பிறகு வலக்கையை விட்டான். நல்லுசாமி ஒதுங்கினான். அந்தக் காற்றில், திடலோரம் கடை போட்டிருந்த மீரானின் அடுப்பு அணைந்தது. இடக்கையும் காதை உரசிக்கொண்டு போனது. மீரான் அடுத்த அடுப்பைத் தானே அணைத்துவிட்டார்.

அர்ஜுனனின் இரண்டு கைகளும் தோளுக்குமேல் போயின, இல்லாத கூடையைத் தேடி.

நல்லுசாமி ஒன்று கொடுத்தான். மூக்கில்.

அர்ஜுனன் விழவில்லை. ரத்தத்தை நக்கிப் பார்த்துவிட்டுத் துப்பினான். அந்தச் சிவப்பைக் கண்டதும் நல்லுசாமிக்குக் கவிழ்ந்த கெண்டிகள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. இன்னொன்று வைத்தால் தீர்ந்தது. இடக்கை தானாகவே கிளம்பியது. கூட்டத்தில் நின்ற ரஞ்சிதம் கையிலிருந்த சாக்கை ஒரு முறுக்கு முறுக்கினாள். கிளம்பிய கை பாதியிலேயே நின்றது.

"அடிங்க மச்சான்," என்றான் அர்ஜுனன். "ஏன் நிப்பாட்டிட்டீங்க?"

நல்லுசாமி காத்திருந்தான். அர்ஜுனன் வெறியோடு வந்து மறுபடியும் இரண்டு விட்டான், கைகள் கூடைக்குப் போயின, ஒன்று வாங்கினான். எங்கே பிசகுகிறது என்று அவனுக்கு விளங்கவில்லை. விளங்காத கோபத்தில் இன்னும் வேகமாகக் குத்தினான். அதனால் கைகளும் இன்னும் வேகமாகக் கூடைக்குப் போயின. கடைசிக் குத்து தாடையில் இறங்கியது. அர்ஜுனன் கயிற்றைத் தாண்டி விழுந்து, திடலோரச் சரிவில் தேயிலைக்குள் உருண்டான். உருண்ட வழியெல்லாம் கைகள் பழக்கத்தை விடவில்லை. அடிவாரத்தில் போய்த் தூக்கியபோது இரண்டு கையிலும் நல்ல கொழுந்து இருந்தது, ஒரு முற்றல் இலைகூடக் கலக்காமல்.

துரை சாவியை நல்லுசாமியிடம் நீட்டினார். ரஞ்சிதம் யாரையும் கேட்காமல் லாரியின் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

பகை தீரவில்லை. மூட்டை ஏற்றும் வேலை அர்ஜுனனுக்கு வந்தது. முதல் நாளே லாரிக் கதவருகில் வந்து, "மச்சான், கோஸ்தான் எடுக்குறப்ப பாத்து எடுங்க. பின்னாடி நான்தான் நிப்பேன். எப்பவும் நிப்பேன்," என்றான். அன்றிலிருந்து நல்லுசாமி லாரியைப் பின்பக்கம் எடுத்ததே இல்லை. திருப்ப வேண்டியிருந்தால் மலையையே ஒரு சுற்று சுற்றி வந்து, முன்பக்கமாகவே நிறுத்துவான். ஓய்வு பெறும்வரை அப்படித்தான் ஓட்டினான்.

அந்தத் தோட்டத்துக்கு லாரி ஏறும் பாதை போட்டது 1984இல். அதுவரை கொழுந்து முழுவதும் இரும்புக் கம்பியில் தொங்கித்தான் ஆலைக்கு இறங்கியது.