ரோலண்ட் போட்ட மஞ்சள் கோடு

அந்தக் கார் எனக்கு அலுத்துப்போய்விட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய அன்று நான் அடித்த கூத்தைப் பார்த்து, லோர்னாவுக்கு இரண்டாவது புருஷன் நிச்சயமாகிவிட்டான் என்றே பக்கத்து வீட்டில் நினைத்தார்களாம். இரண்டு பேர் உட்காரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார். சட்டகம், எஞ்சின், சக்கரம் எல்லாம் தனித்தனியாக வரும், நாமே வீட்டில் பூட்டிக்கொள்ள வேண்டும். ஒன்றரை வருடத்தில் ஓட்டலாம் என்று விற்றவன் சொன்னான். அவன் வாயில் மண்ணைப் போட. இது ஆறாவது வருடம்.

நனீட்டன் ஊரில் தபால் பிரிக்கும் நிலையத்தில் எனக்கு விடியற்காலை வேலை. வாரம் முழுக்க மூட்டை இழுத்துவிட்டு, சனிக்கிழமை காரேஜ் கதவை மேலே தூக்கும்போது தோள்பட்டை விண்ணென்று தெறிக்கும். விட்டுவிடலாம் என்று எத்தனையோ தரம் தோன்றியிருக்கிறது. ஆனால் ரோலண்டும் நெவிலும் வந்து நிற்பார்களே, அவர்களிடம் என்ன சொல்வது?

நெவில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவன். என் வயது, என்னைவிடப் புலம்பல் அதிகம். ரோலண்ட் எங்கள் இருவரையும்விட மூத்தவர், ஓய்வு பெற்ற பல் டாக்டர். இருவருமே தங்கள் கார்களை எப்போதோ கட்டி முடித்துவிட்டார்கள். ரோலண்டின் பச்சைக் கார் ஒவ்வொரு ஞாயிறும் ஹிங்க்லி சாலையில் இருக்கும் முதியோர் இல்லத்துக்குப் போகும். அவருடைய மனைவி மியூரியல் பக்கவாதம் வந்து அங்கேதான் இருக்கிறாள். அந்தக் கார் வளைவில் திரும்புவதைப் பார்ப்பதற்காகவே சாப்பிட்டதும் தன்னை ஜன்னலோரம் உட்காரவைக்கச் சொல்வாளாம்.

எங்கள் காரேஜில் ஒரு சட்டம் உண்டு. பூட்டியவர் தன் வேலையைத் தானே சரிபார்க்கக் கூடாது. இதைக் கொண்டுவந்தவர் ரோலண்ட்தான். பல வருடம் முன்பு ஒரு ரவுண்டானாவில் அவருடைய காரின் முன்சக்கரம் கழன்று தனியாக ஓடியது. பக்கத்தில் இருந்த மியூரியலுக்கு மணிக்கட்டு முறிந்தது. அந்தச் சக்கரத்தைப் பூட்டியதும் அவர்தான், சரிபார்த்ததும் அவர்தான். அதிலிருந்து இந்த ஏற்பாடு. ஒருவர் பூட்டுவார். இன்னொருவர் டார்க் ரெஞ்சை வைத்து இறுக்குவார், போதுமான இறுக்கம் வந்ததும் அது 'டிக்' என்று சொல்லும். சொன்னதும் போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் மஞ்சள் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு. போல்ட் பிறகு அசைந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். பேனா எப்போதும் ரோலண்டின் சட்டைப் பையில்தான். ஆயுள் முழுக்கப் பல்லில் ஓட்டை அடைத்த கை அது. அவர் கோடு கோணாது.

அரசாங்கச் சோதனைக்கு ஒருவழியாகத் தேதி கிடைத்தது. அதில் தேறினால்தான் இந்த மாதிரி வீட்டில் கட்டிய கார் ரோட்டில் கால் வைக்கலாம். அதற்கு முந்தின சனிக்கிழமை நான் ஸ்டியரிங்குக்குக் கீழே மல்லாந்து படுத்து ஒயர்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டியரிங் தண்டைப் பிடித்திருக்கும் போல்ட்டில் என் விரல் பட்டது. போல்ட் திரும்பியது.

விரலால் திரும்பியது. டார்ச் அடித்துப் பார்த்தேன். நான் அசைத்ததில் இரண்டாகப் பிரிந்து நின்றது மஞ்சள் கோடு. ஒவ்வொரு பாதியும் அளவுகோல் வைத்துப் போட்ட மாதிரி இருந்தது. எழுந்து முன்பக்கம் முழுக்க ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இன்னும் மூன்று அப்படியே இருந்தன. கோடு அழகாக இருக்கிறது, இறுக்கம் இல்லை.

நெவிலைக் கூப்பிட்டேன். முழங்கால் ஆபரேஷன் ஆகிப் பல வாரமாக வீட்டில் கிடந்தவன், ஊன்றுகோலோடு வந்து நின்றான். போல்ட்டைக் காட்டினேன். அவன் ஆச்சரியப்படுவான் என்று நினைத்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

போன கோடையிலேயே தன் காரில் இதைக் கண்டுபிடித்தானாம். அதிலிருந்து ரோலண்ட் முன்னால் கோடு போட்டுக்கொண்டு போக, இவன் நான் வேலையில் இருக்கும் நேரத்தில் காரேஜின் மாற்றுச் சாவியோடு வந்து, எல்லாவற்றையும் மறுபடி இறுக்கி, பழைய கோட்டைத் துடைத்துவிட்டுப் புதுக்கோடு போட்டிருக்கிறான். என் காரேஜில், என் கழுத்துக்கு மேலே தொங்கும் விஷயம், எனக்கே தெரியாமல்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலியா உனக்கு?"

"சொன்னா நீ அவர்ட்ட சொல்லிருவ. அப்புறம் அவரு வரமாட்டாரு. சனிக்கிழமையும் இல்லன்னா அந்த மனுசனுக்கு வேற என்ன இருக்கு, சொல்லு."

"இங்க உயிரு போகுதுய்யா."

"அதுக்குத்தான பின்னாலயே வந்து செஞ்சேன். காலு இப்படி ஆகும்னு கண்டேனா?" என்று சொல்லிவிட்டுப் பெட்டி மேல் உட்கார்ந்தான். ஒரு வருடமாக எல்லாவற்றையும் இரண்டு தரம் செய்த அலுப்பு அவன் முகத்தில் தெரிந்தது. திட்டக்கூடத் தெம்பில்லாமல் நானும் எதிரே உட்கார்ந்தேன்.

ரோலண்டிடம் நான்தான் பேச வேண்டும் என்று முடிவாயிற்று. எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. ஒருவேளை ரோலண்டுக்கு மறதி வந்துவிட்டது என்று நெவில் நினைப்பது தப்பாக இருக்கலாம், போல்ட்டுகள் தானாகத் தளர்ந்திருக்கலாம் என்று மனசு எதையெதையோ பிடித்துக்கொண்டு தொங்கியது. ஆகவே ஸ்டியரிங் போல்ட்டை மட்டும் இறுக்காமல் விட்டு, அதன் பழைய கோட்டைத் துடைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

அவர் மத்தியானம் பச்சைக் காரில் வந்தார். பிஸ்கெட் டின்னைக் கொடுத்தார், நெவிலின் முழங்காலை விசாரித்தார், காலை நீட்டி வைக்கும்படி சொன்னார். ஸ்டியரிங் போல்ட்டைப் பார்த்துவிடுங்கள் என்றேன். மெதுவாகக் குனிந்து உள்ளே போனார். டார்க் ரெஞ்சை மடியில் வைத்துக்கொண்டார். பேனாவின் மூடியைத் திறந்தார். போல்ட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோடு போட்டார். மூடியை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "ஆச்சும்மா" என்றார். ரெஞ்ச் மடியிலேயே கிடந்தது.

எனக்கு அழுகை முட்டியது. கோபமும்தான்.

"ரோலண்ட், நீங்க ரெஞ்ச வைக்கவே இல்ல."

அவர் மடியைப் பார்த்தார். பிறகு போல்ட்டை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அது திரும்பியது. 

"எத்தன?" என்று கேட்டார்.

"நாலு."

அவர் என்னைப் பார்க்கவில்லை, நெவிலைப் பார்த்தார். "உன் கோடு கோணலா இருக்கும் நெவில். ஒரு வருசமா பாக்கறேன். முதல்ல கோவம் வந்துச்சு. அப்புறம் புரிஞ்சிச்சு. சரி, பின்னால ஒருத்தன் வரான், நாம வந்துக்கிட்டு இருக்கலாம்னு இருந்துட்டேன். நீ படுத்துட்டேங்கறத மறந்துட்டேன்."

ஆக, அவருக்குத் தெரியும். நெவிலுக்கும் தெரியும். தெரியாதவள் ஓட்டப்போகிற நான் ஒருத்திதான். இருவரும் சேர்ந்து என்னை நன்றாக முட்டாளாக்கினீர்கள் என்று கத்தினேன். கத்தி ஓய்ந்தபோது திறந்த கதவு வழியாக வெளியே நின்ற பச்சைக் கார் என் கண்ணில் பட்டது. நெவில் பின்னால் வந்து இறுக்கியது என் காரைத்தான். அந்தக் காரின் பின்னால் யாரும் வரவில்லை.

நான் வெளியே போய் அதன் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டேன். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையின் பெரிய போல்ட்டில் ஒரு கோடு இல்லை. கோட்டுக்கு மேல் கோடு, கொஞ்சம் கொஞ்சமாக விலகி விலகி, விசிறி விரித்த மாதிரி மஞ்சளாக இருந்தது. ஒவ்வொன்றும் நேரான கோடு. ஸ்பேனரை வைத்து லேசாகத்தான் அழுத்தினேன். போல்ட்டின் தலை ஒடிந்து என் கையோடு வந்துவிட்டது.

ரோலண்ட் பின்னால் வந்து நின்றிருந்தார். டார்க் ரெஞ்ச் என் காரேஜில் இருப்பதால் வீட்டில் நீளமான ஸ்பேனரால்தான் இறுக்குவாராம். "மியூரியல பாக்கக் கிளம்பறதுக்கு முன்னால இறுக்குவேன். இறுக்குனமா இல்லியான்னு ஒரு சந்தேகம் வரும். மறுபடி இறுக்குவேன்" என்றார். அளவுக்கு மீறி இறுக்கி இறுக்கியே ஒடியும் நிலைக்கு வந்த போல்ட்டோடுதான் இத்தனை ஞாயிறும் அவர் போய் வந்திருக்கிறார்.

கார்ச் சாவியை எடுத்து என் முன்னால் நீட்டினார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவையும் எடுத்தார். இனி சனிக்கிழமை தொந்தரவு செய்ய மாட்டேன் என்றார். சாவியை வாங்கிக்கொண்டேன். பேனா உங்களிடமே இருக்கட்டும், எனக்குக் கோடு போட வராது, அடுத்த வாரம் வழக்கமான நேரத்துக்கு வாருங்கள் என்று எரிச்சலோடு சொல்லிவிட்டு, அவரைக் கொண்டுபோய் வீட்டில் விட்டேன்.

திங்களன்று சோதனையை ரத்து செய்தேன். அடுத்த தேதி இலையுதிர் காலத்தில்தான் என்றார்கள். என் காரைத் தள்ளி வெளியே நிறுத்தித் தார்பாயைப் போட்டு மூடினோம். பச்சைக் கார் உள்ளே வந்தது. ஒரு போல்ட்டைக்கூட நம்ப முடியாது, எல்லாமே புதிதாகப் போட வேண்டும். இது முடிந்தாலும் இனி அதை அவர் ஓட்டப்போவதில்லை. நான் ஓட்டுவேன், அவர் பக்கத்தில் உட்காருவார். அதுவரை ஞாயிறுதோறும் நான் வேலைக்குப் போக வைத்திருக்கும் ஓட்டை நீலக் காரில் அவரை ஹிங்க்லி சாலைக்குக் கூட்டிப்போகிறேன். வாரத்தில் எனக்கென்று இருந்த ஒரே நாளும் போயிற்று. ஜன்னலில் இருந்து பார்க்கும் மியூரியலுக்கு நீலக் காரைக் கண்டால் முகம் விழுந்துவிடுகிறது. என்னைப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

போன சனிக்கிழமை முன்சக்கரத்துக்குப் புது போல்ட் வந்தது. நெவில் காலை நீட்டி உட்கார்ந்தபடியே பூட்டினான். நான் டார்க் ரெஞ்சைப் பிடித்தேன். ரோலண்ட் மூடியைத் திறந்த பேனாவோடு என் பக்கத்தில் குனிந்து காத்திருந்தார். இழுத்தேன். தோள்பட்டை தெறித்தது. 'டிக்' என்றது, காரேஜ் முழுக்கக் கேட்கும்படி.

அவர் கோடு போடவில்லை. பேனா போல்ட்டுக்கு மேலேயே நின்றது. என் முகத்தைப் பார்த்தார்.

"லோர்னா, டிக்குன்னுச்சா?"

நெவில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். நான் ரெஞ்சை மறுபடி வைத்து இழுத்தேன். மறுபடி 'டிக்' என்றது.

"சொல்லிருச்சு. போடுங்க."

அவர் போட்டார். நேரான கோடு.