விட்டுப்போன கோடு

அப்பாவைக் கூடத்தின் நடுவில் மடக்குக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். தலை ஜன்னல் பக்கம். தலைமாட்டில் தரையில் அத்தை, அப்பாவின் தங்கை. அவள் கொண்டைக்குச் சற்று மேலே சுவரில் ஒரு கறுப்புக் கோடு. பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தில், ‘புயல் மழை, இரண்டடி பதினோரு அங்குலம்.’ சமையலறை வாசலில் அண்ணி. அவள் தோளருகே ‘கால்வாய் அடைப்பு, ஓரடி எட்டு.’ வாசற்படியில் அண்ணன், வண்டி வருகிறதா என்று தெருவைப் பார்த்தபடி. அவன் பக்கத்துக் கதவு நிலையில் இரண்டு கோடுகள்: ‘மூன்று நாள் மழை’, ‘ஆலங்கட்டி.’ கிழக்குச் சுவரை ஒட்டிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் பக்கத்து வீட்டுக் கொத்தனார். அவருக்குப் பின்னால் மட்டும் சுவர் வெறுமையாக இருந்தது.

உட்காராதவள் மகள் ஒருத்திதான். சேதி கேட்டுத் தையல் கடையிலிருந்து ஓடி வந்தவள். அளவு நாடா அப்போதிருந்து கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அடையாள அட்டை வேண்டும் என்று அண்ணன் கேட்டதால் அவள் அப்பாவின் மேஜையைத் துழாவிக்கொண்டிருந்தாள். காலையில் அப்பா தலை சாய்ந்து கிடந்த அதே மேஜை. பேனா மூடாமல் கிடந்தது. அதன் அடியில் ஒரு பழுப்பு உறை. உள்ளே நகர அலுவலகத்தின் படிவம்.

சந்துக்குப் பின்னால் ஓடும் கால்வாய்க்குச் சுவர் எழுப்பப் போகிறார்கள். ஆனால் எல்லாத் தெருவுக்கும் இல்லை. வெள்ளம் ஒருமுறையாவது நாலரை அடிக்கு மேல் நின்ற தெருக்களுக்கு மட்டும். ஐந்து வெள்ளம், ஐந்து கட்டம். முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவர் அப்பா. நாலு கட்டத்தை அங்குலம் பிசகாமல் நிரப்பியிருந்தார். நாலும் மூன்றடிக்குள். ஐந்தாவதில், ‘ஏரி உடைந்த வருடம்’ என்று மட்டும் எழுதி உயரத்தைக் காலியாக விட்டிருந்தார். இதே குறைக்காகப் படிவம் இரண்டு முறை திரும்பி வந்திருந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்பு. கீழே அப்பாவின் கையெழுத்தும் தேதியும் இருந்தன. இன்றைய தேதி.

“அண்ணா, இதுல ஒரு உயரத்தை அப்பா எழுதாம விட்டிருக்காரு. இன்னைக்குத்தான் கடைசி நாள். இன்னைக்குத் தபால் முத்திரை விழலைன்னா நம்ம சந்து லிஸ்ட்லயே இருக்காது.”

“அப்பாவா எழுதாம விட்டாரு? குடிக்கிற தண்ணியையே அளந்து எழுதற மனுஷனாச்சே!”

அத்தைக்குக் கோபம் வந்தது. “ஏண்டி, பொணத்தைக் கூடத்துல போட்டுட்டு மனு எழுதற வீடு ஊர்லயே இது ஒண்ணாத்தான் இருக்கும்.”

“போன மழையில உன் பீரோ மிதந்தப்ப, சுவர் எங்கடா சுவர் எங்கடான்னு நீதானே அத்தை தெருவைக் கூட்டினே?” என்றான் அண்ணன்.

அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அது நல்ல பீரோடா.”

மகள் கொத்தனாரிடம் போனாள். “மாமா, ஏரி உடைஞ்ச வருஷத்துக் கோடு எங்கே?”

கொத்தனார் திரும்பிப் பார்க்காமலே கட்டைவிரலால் முதுகுக்குப் பின்னால் காட்டினார். “இங்கதான் இருந்துச்சு. தண்ணி வத்தினதும் சேறே கோடு போட்டிருந்துச்சு. மத்த தடவையெல்லாம் உங்கப்பா மறுநாளே பெயிண்டும் கையுமா நிப்பாரு. அந்தத் தடவை என்னைக் கூப்பிட்டு, கொத்திட்டுப் புதுசாப் பூசுன்னாரு. பூசிட்டேன்.”

“எவ்வளவு உயரம்னு நினைவிருக்கா?”

“பக்கத்துலயே நின்னாரும்மா. நான் எங்க சுவரைப் பார்த்தேன்?”

அண்ணன் எழுந்து உள்ளே வந்தான். “அஞ்சடின்னு போட்டு ஒட்டு பாப்பா. குத்துமதிப்பா ஒரு கணக்கு. யாரு வந்து பார்க்கப் போறா?”

“அப்பா கையெழுத்துக்கு மேலயா குத்துமதிப்பு?”

அவன் மறுபடி வாசலைப் பார்த்தான். தெருவில் ஏதோ வண்டிச் சத்தம் கேட்டு ஓய்ந்தது.

ஏரி உடைந்த அன்று அண்ணன் அத்தை வீட்டில் இருந்தான். இந்தக் கூடத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். அம்மா பின்கதவைத் திறந்துவிடப் போனாள்; திரும்பி வரவில்லை. மகளுக்கு அப்போது ஏழு வயது. அப்பா அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். தலைமுடியை இறுகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

அவள் கட்டிலருகே மண்டியிட்டாள். கழுத்திலிருந்து நாடாவை உருவி, அப்பாவின் போர்வையைக் கால்பக்கம் விலக்கினாள்.

“அண்ணி, இந்த முனையைக் குதிகால்ல வச்சுப் பிடிங்க. அழுத்த வேண்டாம்.”

“என்னடி பண்றே?” என்றாள் அத்தை. “பெட்டிக்கு அளவெல்லாம் அவங்களே எடுத்துப்பாங்க.”

“பெட்டிக்கு இல்ல அத்தை.”

நாடாவை முழங்கால் வழியாக, இடுப்பு வழியாக, அவள் தைத்த சட்டையின் பொத்தான் வரிசை மேலே மெல்ல நீட்டிக்கொண்டு போனாள். எத்தனையோ முறை அளந்த உடம்பு. ஒவ்வொரு முறையும் கழுத்துக்கு வந்ததும், “இறுக்கிடாதே, மூச்சு விடணும்” என்பார்.

“எதுவரைக்கும்?” அண்ணி தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“தாடைக்குக் கீழ. என் பாவாடை நனைஞ்சிடுச்சு. அவர் வாய் நனையல. அம்மாவைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு.”

“கட்டில் மேல ஏறி நின்னாரோ என்னமோ?” அண்ணன் கேட்டான். கேட்கும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது.

“தரையிலதான் அண்ணா. காலால துழாவிக்கிட்டே இருந்தாரு.”

அத்தை கொஞ்சம் முன்னால் நகர்ந்து, இரண்டு விரலால் அப்பாவின் தாடையை மெல்ல உயர்த்திப் பிடித்தாள். கொத்தனார் எழுந்து, நாற்காலியைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டார்.

ஐம்பத்தேழு அங்குலம்.

மகள் கட்டைவிரலை அந்த இடத்தில் அழுத்தி, இன்னொரு முறை பார்த்தாள். பிறகு மேஜைக்குப் போய், மூடாமல் கிடந்த பேனாவால் எழுதினாள்: ‘நாலடி ஒன்பது அங்குலம்.’ பக்கத்தில் ‘அளந்த விதம்’ என்று ஒரு கட்டம். மற்ற நாலிலும் ‘சுவரில் உள்ள கோடு’ என்று இருந்தது. அவள் சற்று யோசித்து, ‘நின்றவரின் உயரம். அளந்தது: மகள்’ என்று எழுதினாள்.

வண்டி நாலு மணிக்கு வந்தது. அண்ணன் ஓட்டுநரிடம் குனிந்து ஏதோ சொன்னான். தெரு முனையில் தபால் நிலையத்துக்கு முன்னால் வண்டி நின்றது. அவள் மட்டும் இறங்கிப் போனாள்.

கவுண்டரில் இருந்தவர் உறையைத் திருப்பிப் பார்த்தார். “மீட்டர்காரர் கவர்தானே? மறுபடியும் திருப்பி அனுப்பிட்டானுங்களா? எப்பவும் அவர்தானே கொண்டு வருவாரு. வரலையா?”

“வெளியில வண்டியில இருக்காரு.”

அவர் கண்ணாடி வழியாக வெளியே எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பசைக் குப்பியை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் ஒரு கையால் பசையைத் தடவி, மடலை மடித்து, விளிம்பு நெடுக நகத்தால் அழுத்தினாள். முத்திரை விழுந்தது. உறையை அவர் மற்றக் கடிதங்களோடு எறியாமல், கை நீட்டிப் பைக்குள் வைத்தார்.

“இன்னொரு கையையும் எடுத்துக் கையெழுத்துப் போடும்மா” என்று ரசீதை நீட்டினார்.

அப்போதுதான் அவள் பார்த்தாள். நாடா இடது கையில் சுருண்டிருந்தது. கட்டைவிரல் ஐம்பத்தேழின் மேலேயே இருந்தது.