இரண்டு காதும் தெரிய

1.
இந்தக் கதை என் அடையாள அட்டையில் பிறந்தது. அந்தப் படத்தில் சிரிப்பில்லை. காது மட்டும் இரண்டும் இருக்கின்றன. பார்த்த எரிச்சலில் யோகநாதனை உண்டாக்கினேன்.

தொடக்கம்: 1997. வன்னி மண் குருதியில்... (வேண்டாம். இப்படித் தொடங்கும் கதைகளை நானே மூடிவைத்துவிடுவேன்.)

2.
யோகநாதன் கிளிநொச்சியில் சாமத்தியவீட்டு வீடியோக்காரன். பெரியபிள்ளையான பெண்பிள்ளையின் முகத்தைத் தாமரைக்குள் வைத்துத் தருவதில் பெயரெடுத்தவன். சண்டையில் சனம் இடம்பெயர்ந்து அக்கராயன் பக்கத்து மரங்களுக்குக் கீழே வந்தபோது, அவனும் கமராவோடு வந்து ஆவணப்பட இயக்குநரானான். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

அவனுடைய முதல் படத்தைக் கொழும்புத் தொண்டு நிறுவனமொன்று திருப்பி அனுப்பிவிட்டது. துயரம் போதாதாம். இரண்டாவதும் தேறாவிட்டால் திரும்பவும் தாமரைதான்.

சனமோ கமராவைக் கண்டால் தலைமயிரை ஒதுக்கி, இரண்டு காதையும் காட்டி, விறைத்து நின்றது. அவர்கள் அறிந்த படமெல்லாம் அடையாள அட்டைக்கும் பயணப் பாஸுக்கும் எடுத்தவை. காது தெரியாத படம் அங்கே செல்லாது.

3.
சுப்பம்மா மலையகத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர். இப்போது கூரைக்குத் தறப்பாள் கட்டிய கொட்டிலில் இருக்கிறார். இருந்த ஒரே நல்ல சேலையைக் கட்டி, காதைக் காட்டி, சிரித்தார்.

"சிரிக்காதைங்கோ அம்மா. உள்ளபடி இருங்கோ."

"உள்ளபடி இருக்கிறதுக்கு எதுக்குத் தம்பி படம்? வெளிநாட்டுக்கெல்லாம் போகுமாமே. எம்மக பரமேஸ்வரி இந்தியாவுல முகாம்ல இருக்கா. பாத்தான்னா, அம்மா நல்லாத்தான் இருக்குன்னு நெனைப்பா."

உழவு மெசின் பற்றரியில் ஏற்றிய மின்சாரம் கமராவில் தீர்ந்துகொண்டிருந்தது. யோகநாதன் அவசரப்பட்டான்.

"மகளைக் கடைசியா எப்ப கண்டனீங்கள்?"

சேலைத் தலைப்பு முகத்துக்குப் போயிற்று. பற்றரி சாகும்வரை அவன் நிறுத்தவில்லை. அருமையான காட்சி. (அருமை என்பது அவனுடைய சொல்.)

அவர் முகத்தைத் துடைத்தார். "அழுததை வெட்டிருங்க தம்பி. புள்ள பயந்துருவா."

"ஓம் அம்மா."

4.
முடிவு அ: வெட்டுகிறான். படம் திரும்பி வருகிறது. வன்னியில் மறுபடி தாமரை பூக்கிறது.

முடிவு ஆ: வெட்டவில்லை. ஐரோப்பாவில் பரிசு. கோட் போட்டவர்கள் மூக்கைச் சிந்துகிறார்கள். மேடையில் யோகநாதன் இரண்டு காதும் தெரிய... [முடிக்க மனம் வரவில்லை]

அவனை ஏசத்தான் பேனாவை எடுத்தேன். இப்போது வாய் வரவில்லை. அவன் இன்னும் வெட்டலாம். நானோ வெட்டாமலே உங்களுக்குக் காட்டிவிட்டேன்; கதைக்குத் தேவைப்பட்டது.

மிச்சம் உங்கள் கையில். எங்கேயாவது பரமேஸ்வரியைக் கண்டால் மூன்றாம் பகுதியைப் பாதியிலேயே நிறுத்திவிடுங்கள். அம்மா நல்ல சேலை கட்டியிருந்தார், சிரித்தார், காது இரண்டும் தெரிந்தது என்று மட்டும் சொல்லுங்கள்.