கரி அடுப்புக் கடையும் பத்தாவது பொருத்தமும்

நாச்சிமுத்துவின் இடுப்பு வலி தினமும் ஏழு மணிக்கு வரும். அன்றைக்கு ஆறரைக்கே வந்து, மொபெட்டில் அவனுக்கும் அவன் சம்சாரம் வளர்மதிக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இறக்கிவிட நேரமில்லை. மூன்று பேருமாகக் கிளம்பினார்கள்.

நாச்சிமுத்து ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குகிறவன். சுமைக்காரர்கள் சாப்பிடும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. மூட்டையில் முதுகைச் சாய்த்து, எல்லோரும் வாசலைப் பார்த்து வரிசையாக உட்காருவார்கள். லாரி வந்தால் முதலில் பார்த்தவன் கூட்டத்துக்குத்தான் லோடு. வீட்டிலும் அவன் அப்படியே. கதவைப் பார்த்து உட்காருவான், கதவைப் பார்த்துத் தின்பான், கதவைப் பார்த்தே ஏப்பம் விடுவான். பின்னால் நின்று பரிமாறுகிற வளர்மதிக்குப் பதினாறு வருஷமாக அவன் முதுகுதான் தெரியும்.

போன வாரம் அவள் சொல்லிவிட்டாள்.

“மாமா, ஒருக்கா எனக்கு எதுக்க உக்காந்து சாப்பிடுங்க. நீங்க சாப்பிடறப்ப மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. வெள்ளிக்கெழமைக்குள்ள பாக்கலைன்னா, நான் காங்கேயத்துக்கு அக்கா ஊட்டுக்குப் போயிருவேன். திரும்பி வர மாட்டேன்.”

அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அதனால் அவனுக்குப் புரிந்தது.

இன்று வியாழன். பெருந்துறை ரோட்டில் புதிதாக வந்த கடையை அவனே தேடிப் பிடித்தான். மேசைக்கு நடுவில் கரி அடுப்பு. கறியை நாமே சுட்டு நாமே தின்னலாம்.

“அடுப்பு நடுவுல இருந்தா ஆளுக்கொரு பக்கந்தான உக்காந்தாகோணும்?” என்றான். அந்தக் கணக்கில் ஓட்டையே இல்லை.

கடை வாசலில் கரி மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஒன்றின் மேல் கை வைத்துப் பார்த்தான். “முப்பத்திரெண்டு கிலோ. நல்ல கருவேலங்கரி. கடை தேவலை,” என்றான்.

உள்ளே போக முடியவில்லை. ‘பொருத்தம் பார்க்குமிடம்’ என்று எழுதிய மேசைக்குப் பின்னால் ஒரு அம்மாள் இடுக்கியோடு உட்கார்ந்திருந்தாள்.

“எத்தனை பேருங்க?”

“ரெண்டு பேருங்க.”

“நடுவுல நிக்கிறது?”

“இடுப்பு வலிங்க. அது சாப்பிடாது.”

அவள் எழுதிக்கொண்டாள். “கடை உங்களுக்குப் பொருந்துமான்னு இங்க பாக்கறதில்லீங்க. உங்க சாயங்காலம் கடைக்குப் பொருந்துமான்னுதான் பாப்போம். பத்துப் பொருத்தமும் இருக்கோணும்.”

“கல்யாணத்துக்கே ஆறு போதுங்களே?”

“அது கல்யாணம். இது கறி.”

நாச்சிமுத்து ஒத்துக்கொண்டான். நியாயமாகப் பட்டது.

“சாயங்காலம் எத்தனை மணிக்குப் பொறந்துச்சுங்க?”

“அஞ்சே முக்காலுக்கு. கடைசி லாரி போனதும்.”

“ஆணா, பொண்ணா?”

அவன் வளர்மதியைப் பார்த்தான். “பொண்ணுங்க,” என்றாள் வளர்மதி. “தலைச்சன்.”

அந்த அம்மாள் அவன் சட்டையை இடுக்கியால் தூக்கிப் பார்த்தாள். காலர் வரைக்கும் மஞ்சள் கறை. “இதுக்கு மேல என்ன சிந்தினாலும் தெரியாது. துணிப் பொருத்தம் இருக்குதுங்க.” அவன் உள்ளங்கையில் ஒரு தணல் துண்டை வைத்தாள். “சுடுதுங்களா?”

“எது?”

“கைப் பொருத்தம் நெம்ப நல்லாருக்குது.”

அப்புறம் சத்தம், புகை, எலும்பைக் கடிக்கிற பழக்கம், பக்கத்து மேசையை முறைக்காமல் இருப்பது எல்லாம் பார்த்தாள். காத்திருக்கிற பொருத்தம் பார்க்க நாற்பது நிமிஷம் சும்மா நிற்கச் சொன்னாள். வளர்மதி பதினாறு வருஷத்தைச் சொன்னதும் மீதி நிமிஷத்தைத் தள்ளிவிட்டாள்.

“ஒம்பது தேறிருச்சுங்க. பத்தாவது மூஞ்சிப் பொருத்தம். அது மேசையிலதான் தெரியும். கரி நீறாகறதுக்குள்ள தேறலைன்னா, சாயங்காலத்தச் சுருட்டி எடுத்துட்டுப் போயிரோணும்.”

“தேறும்,” என்றான் நாச்சிமுத்து. தேறாத மூட்டையை அவன் இதுவரை தொட்டதில்லை.

மேசை பதினைந்து எட்டு வைக்கிற தூரத்தில் தெரிந்தது. நடந்தார்கள். நடை நீண்டது. மண்டிக் கிடங்கு அளவு நீண்டு, அதையும் தாண்டியது. தண்ணீர் டம்ளரோடு ஒரு சர்வர் சைக்கிளில் அவர்களைக் கடந்து போனான். வழியில் ஒரு மேசையில், தடித்த மனிதர் ஒருவர் விசிறியாக மாறிக்கொண்டிருந்தார். கைகள் றெக்கையாகிவிட்டன. அவர் சம்சாரம் கோழிக்காலைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க்கா, நீங்க ஒண்ணுஞ் சொல்றதில்லீங்களா?” என்று வளர்மதி கேட்டாள்.

“காத்து வருதுல்ல?” என்றாள் அந்த அக்கா.

பதினேழாம் மேசைக்கு வந்து சேர்ந்தார்கள். சர்வர் தணலைக் கொட்டினான். கம்பியில் கோர்த்த கறியை மேலே வைத்தான். வளர்மதி அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். நாச்சிமுத்து இந்தப் பக்கம். நிமிர்ந்து பார்த்தான்.

எதிரே கதவு நின்றது.

அவன் வீட்டுக் கதவுதான். பச்சைப் பெயின்ட், கம்பி கட்டிய தாழ்ப்பாள். நாற்காலியைத் திருப்பிப் போட்டான். கதவும் திரும்பி வந்து நின்றது. வளர்மதியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். கதவு மேசையைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டது. திரும்பத் தன் இடத்துக்கே வந்தான்.

“மாமா, எங்க போனீங்?” கதவுக்குப் பின்னாலிருந்து வளர்மதியின் குரல்.

“இங்கதான் இருக்கறேன். கதவு வந்திருச்சு.”

“உங்க கூடவா வந்துச்சு?”

“பின்ன, உன்ற கூடவா வரும்?”

சர்வர் குனிந்து பார்த்தான். “கரி பாதியாகிருச்சுங்க.”

நாச்சிமுத்து தாழ்ப்பாளை நீக்கித் திறந்தான். அந்தப் பக்கம் வளர்மதி இல்லை. அவன் தெரு இருந்தது. தெருவில் தார்ப்பாய் கட்டிய லாரி ஒன்று நின்றது. வேறு கூட்டத்தார் யாரும் இன்னும் பார்க்கவில்லை. அவன்தான் முதலில் பார்த்தான். லாரிக்குப் பக்கத்தில் அவன் கூட்டத்து மேஸ்திரி குப்பண்ணன் தலைத்துண்டை உதறிக்கொண்டிருந்தார்.

“நாச்சி, நீதான மொதல்ல பாத்தே? வா, முந்நூறு மூட்டை. ராத்திரிக்குள்ள இறக்கோணும்.”

நாச்சிமுத்துவின் கால் தானாக எழுந்தது. அதைக் கையால் பிடித்து உட்கார வைத்தான்.

“நான் பாக்கலீங்ணா,” என்றான்.

“கண்ணு முன்னால நிக்குது, பாக்கலைங்கிறே?”

“பாக்கலீங்ணா. நான் சாப்பிட வந்திருக்கறேன்.”

“எவன்டா இவன், சாப்பிடறதுக்கின்னு தனியா ஒரு எடத்துக்குப் போறவன்?” என்று குப்பண்ணன் லாரியிடம் சொன்னார்.

நாச்சிமுத்து கதவைச் சாத்தினான். தாழ்ப்பாளும் போட்டான். பதினாறு வருஷத்தில் சாப்பாட்டு நேரத்தில் அதைச் சாத்தியது அதுவே முதல் தடவை. ஆனாலும் கதவு போகவில்லை. அந்த இடத்திலேயே நின்றது.

“கொண்டுவந்த பொருளையெல்லாம் வெளிய வெக்கோணுங்க,” என்றான் சர்வர்.

கதவைத் தட்டிப் பார்த்தான் நாச்சிமுத்து. வேப்ப மரம். நாற்பத்தைந்து கிலோ. அவனுக்கு அது பெரிய விஷயமில்லை. ஆனால் எந்தச் சுமைக்காரனும் தன் முதுகில் தானே ஏற்றிக்கொள்ள முடியாது. தூக்கிவிட ஒரு ஆள் வேண்டும்.

“தம்பி, ஒரு கை புடி.”

“எனக்கு இடுக்கி மட்டுந்தானுங்க தூக்க அனுமதி.”

விசிறிக்காரரைப் பார்த்தான். அவருக்குக் கை தீர்ந்துவிட்டது.

“குனிங்க,” என்றாள் வளர்மதி. அவள் எழுந்து வந்து பின்னால் நின்றிருந்தாள்.

“உனக்குப் பழக்கமில்ல. எங்க வெக்கோணும்னு தெரியாது.”

“எனக்கா தெரியாது?”

அவன் குனிந்தான். அவள் கதவை அலுங்காமல் தூக்கினாள். தோள்பட்டைக்குக் கீழே, மூட்டைக் கொக்கி கிழித்த பழைய தழும்புக்கு ஒரு விரல் மேலே, வலிக்காத அந்த ஒரே இடத்தில் கொண்டுவந்து இறக்கினாள். குப்பண்ணன்கூட இவ்வளவு சரியாக வைத்ததில்லை.

திரும்பிப் போகையில் நடை பதினைந்து எட்டுத்தான் இருந்தது. கரி மூட்டைகளுக்குப் பக்கத்தில் கதவைச் சாய்த்து வைத்தான். உள்ளே வந்தான். உட்கார்ந்தான். எதிரே வளர்மதி இருந்தாள். கொஞ்சம் தணல் இருந்தது.

கறியைக் கம்பியிலிருந்து உருவித் தின்றான். ஓரம் கருகியிருந்தது. நன்றாக இருந்தது. வளர்மதி தின்னவில்லை. பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மெல்லறப்பக் கண்ண மூடிக்கறீங்.”

“மூடறனா?”

“ஒவ்வொரு வாய்க்கும். இதையப் போயி கதவுகிட்டக் காட்டிட்டிருந்தீங்களே.”

அவன் இன்னொரு துண்டை வாயில் போட்டான். கண்ணை மூடாமல் இருக்கப் பார்த்தான். முடியவில்லை.

பொருத்தம் பார்க்கிற அம்மாள் நோட்டோடு வந்து நின்றாள். அடுப்பில் ஒரே ஒரு தணல் மிச்சம்.

“பொருந்துதுங்களா, இல்லீங்களா?”

“கடை பொருந்துதுங்க,” என்றாள் வளர்மதி. “ஆள இன்னும் பாத்துட்டிருக்கறேன். இன்னொரு தட்டுக் கறியும் கரியும் வெக்கச் சொல்லுங்.” கையைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள். “நாளைக்கு வரலைன்னு அக்காகிட்டச் சொல்லிர்றேன்.”

அந்த அம்மாள் பத்து என்று எழுதிக் கோடு போட்டாள். போகவில்லை.

“கதவ ஆருங்க தூக்கிவிட்டது?”

நாச்சிமுத்து தலை குனிந்தான். சுமைக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. தூக்கிவிட்டவனுக்கு விளக்கு வைப்பதற்குள் ஒரு தூக்கைத் திருப்பித் தந்துவிட வேண்டும். கடை முழுக்க விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“இவதானுங்க,” என்றான்.

“எனக்குப் போயி எதத் தூக்கிவிடப் போறீங்க?” என்று வளர்மதி சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்தி யோசித்தாள். “காலைல தண்ணி வரும். ஆறு கொடம்.”

அந்த அம்மாள் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். வளர்மதிக்கு நாச்சிமுத்து ஒரு தூக்கு பாக்கி என்று எழுதியிருந்தது. அவன் கரிக் கையோடு அதன் கீழே பெருவிரலை அழுத்தினான்.